ஒரு கலப்பையை மூன்று துண்டாக வெட்டிய கதை: ‘மை ஆன்டனீயா’ நடத்தப்போகிறவர்களுக்கு

அமெரிக்க இலக்கியத் தாளில் நாவலுக்கு எனக்குக் கிடைத்தது 18 பீரியட். வில்லா கேதரின் ‘மை ஆன்டனீயா’வை முதல் முறை நடத்தியபோது அதில் சரிபாதி, 9 பீரியட், வீணாய்ப் போனது. கூடவே 62 பேருக்கு ஆளுக்கு 14 பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த வகையில் 868 ரூபாய். பணம் பெரிதில்லை. நல்ல நாவல் ஒன்றை மாணவர்கள் வெறுக்கும்படி செய்துவிட்டோமே என்ற குறுகுறுப்புதான் தாங்கவில்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று பல நாள் நினைத்ததுண்டு.

பாடத்திட்டத்தில் ‘அல்யூஷன், தீம், ஸ்டைல்’, அதாவது பிற நூல்களைச் சுட்டுவது, கருப்பொருள், நடை, என்று மூன்று சொற்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டதுதான் நான் செய்த தவறு. முதல் மூன்று பீரியட் அல்யூஷன்: நாவல் சுட்டும் லத்தீன் கவிஞர் வர்ஜில் கி.மு. 70இல் மான்டுவா அருகே பிறந்தார், கி.மு. 19இல் பிரிண்டிசியில் இறந்தார், உழவைப் பற்றிய அவருடைய கவிதை நூல் ‘ஜார்ஜிக்ஸ்’ நான்கு பகுதி, பயிர், மரமும் கொடியும், கால்நடை, தேனீ. அடுத்த மூன்று பீரியட் தீம்: நிலம், நினைவு, குடியேற்றம். அதற்கடுத்த மூன்று ஸ்டைல். உள்தேர்வு வைத்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் வர்ஜில் பிறந்த ஊர் சரியாக இருந்தது. அவருடைய வரி நாவலில் எங்கே வருகிறது, யார் சொல்கிறார், கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. குற்றம் அவர்களுடையது இல்லை. நான் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

திரும்ப உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. இந்த நாவலில் பிற நூல்களைச் சுட்டுகிறவர் கேதர் என்று எழுதுவது பாதி உண்மைதான். சுட்டுவது கதைசொல்லி ஜிம் பர்டன். பெற்றோரை இழந்து, பத்து வயதில் வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு ரயிலேறும் பையன். பிறகு பல்கலைக்கழகம் போய், ரயில்வே கம்பெனி வக்கீலாகி, நடுவயதில் இந்தக் கதையை எழுதுகிறவன். அவன் படிக்கப் படிக்கச் சுட்டும் நூல்களும் மாறுகின்றன. அவன் சொல்லும் கதையின் நாயகி, பொஹீமியாவிலிருந்து குடியேறிய பக்கத்துப் பண்ணைப் பெண் ஆன்டனீயாவுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. ஆகவே ‘இது எதைச் சுட்டுகிறது’ என்பதற்கு முன்னால் ‘படிக்க வாய்த்தவர் யார், வாய்க்காதவர் யார்’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. அது தீம். அந்தப் படிப்பு எந்த வாக்கியத்தில் வெளிப்படுகிறது, எதில் அடங்கிப்போகிறது என்பது ஸ்டைல். நான் மூன்று துண்டாக வெட்டியது ஒரே கலப்பையை.

பாடத்துக்குள் போவதற்கு முன் சில்லறை விஷயங்கள் சில. இவை சரியாகாவிட்டால் முதல் பீரியடே போய்விடும். பெயரை எல்லோரும் ‘அன்டோனியா’ என்று நடு அசையை அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் முதல் அசையில், ஆன்-ட-னீ-யா, என்று நாவலிலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. பல பதிப்புகள் புழங்குவதால் பக்க எண் சொல்லி நடத்தவே முடியாது. ஐந்து பகுதிகள், முறையே 19, 15, 4, 4, 3 என 45 அத்தியாயங்கள்; பகுதியும் அத்தியாயமும் சொல்லிப் பழக்குங்கள். 1918இல் வந்த நாவலின் முன்னுரையை 1926இல் கேதர் சுருக்கினார், அதனால் இரண்டு மாணவர் கையில் இரண்டு முன்னுரை இருக்கும். பதறவேண்டாம். கூட்டன்பர்க் இணையதளத்தில் நாவல் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு இது 868 ரூபாய்க்குப் பிறகுதான் உறைத்தது.

‘ஃபிரான்டியர் நாவல்’, அதாவது குடியேற்ற எல்லைப்புறக் கதை, என்றதும் துப்பாக்கி, குதிரை, தொப்பி என்று எதிர்பார்த்து வருவார்கள். அதை உடைக்க வரலாற்று விரிவுரை வேண்டாம், நான் ஒரு முழு பீரியட் அதில் கரைத்தேன். இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் போதும்: குடியேறிப் பயிர் செய்கிறவருக்கு 160 ஏக்கர் என்று ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது 1862, குடியேற்றத்துக்கு எல்லைக்கோடு என்று தனியாக இனி ஒன்றில்லை என மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது 1890. கேதர் 1883இல் ஒன்பது வயதில் நெப்ராஸ்கா போனவர். எழுதியது 1918இல், அதாவது எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து. இவ்வளவு தெரிந்ததும் முதல் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ரயிலில் ஜிம் கையில் இருப்பது கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் வாழ்க்கைக் கதை. இறங்கியதும் எதிரே வரும் ஓட்டோ ஃபுக்ஸ் அந்தப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவன் போல அவனுக்குத் தெரிகிறான். ஓட்டோ ஆஸ்திரியாக்காரன். தச்சு வேலை தெரிந்தவன். மாணவர்கள் தொப்பியோடும் துப்பாக்கியோடும் வந்தது போலவே ஜிம்மும் வருகிறான் என்று காட்டிவிட்டால் வகுப்பு தானாகச் சிரிக்கும். அதுதான் முதல் அல்யூஷன். வர்ஜில் அப்புறம் வரட்டும்.

இங்கிருந்து ஒரு சங்கிலி போகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் ஜிம்மின் தாத்தா பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கிறார்: நமக்கு உரிமையாகும் பூமியை அவர் நமக்காகத் தெரிந்தெடுக்கிறார் என்று வந்து ‘சேலா’ என்று முடியும் வரி. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தனக்குத் தெரியாது, ஒருவேளை தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் சொன்னபோது அது அருள்வாக்கு போல இருந்தது என்கிறான் ஜிம். வகுப்பில் சர்ச்சுக்குப் போகும் மாணவி ஒருத்தி கைதூக்கி, “சார், எங்களுக்கும் அதோட அர்த்தம் தெரியாது, ஆனா வாசிக்கிறப்ப சிலிர்க்கும்” என்றாள். அர்த்தம் தெரியாமலே ஒரு சுட்டு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கொண்டுபோன 14 பக்கத்தில் இல்லை. இன்னொன்றையும் செய்யச் சொன்னேன். சங்கீதம் 47ஐ எடுத்து, நாவலில் வரும் நான்காம் வசனத்துக்கு முந்தைய வசனத்தைப் படிக்கவைத்தேன். ஜனங்களை நமக்குக் கீழ்ப்படுத்துவார் என்று அங்கே இருக்கிறது. தாத்தா வாயிலிருந்து அந்த வசனம் நாவலில் கேட்கவில்லை. வகுப்பு சட்டென்று அமைதியானது. எந்த அல்யூஷனை நடத்தினாலும் மூலத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு வரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட பகுதிதான் பெரும்பாலும் பேசும்.

அந்த விடுபட்ட வசனத்தின் மனிதர்கள் நாவலில் எங்கே என்று அடுத்த வகுப்பில் தேடினோம். முதல் பகுதி ஒன்பதாம் அத்தியாயத்தில் புல்லில் மங்கலாகத் தெரியும் ஒரு பெரிய வட்டம். செவ்விந்தியர் குதிரையோட்டிய தடம். முதல் பனி விழுந்ததும் அது வெள்ளைத் தூரிகைத் தீற்றல் போலப் பளிச்சென்று எழுகிறது. அவ்வளவுதான், ஆட்கள் வருவதில்லை. ஏழாம் அத்தியாயத்தில் ஜிம் மண்வெட்டியால் அடித்துக் கொல்லும் கிலுகிலுப்பைப் பாம்பு இன்னொரு தடம். பன்னிரண்டு வளையமும் முறிந்துபோன மிச்சமும் வைத்து அதற்கு 24 வயது என்கிறான்; வெள்ளைக்காரர் வந்தபோதே, காட்டெருமையும் செவ்விந்தியரும் இருந்த காலத்திலேயே இருந்திருக்கும் என்று ஆன்டனீயாவுக்கு விளக்குகிறான். இந்த அத்தியாயத்தை டிராகன் வதம் என்று கைடுகள் ஒரே வரியில் முடிக்கின்றன. ஆனால் வளர்ந்த ஜிம்மே அதை ஒரு போலிச் சாகசம் என்று ஒத்துக்கொள்கிறான். பாம்பு கிழடு, சோம்பேறி, தற்செயல் எனக்குச் சாதகமாக அமைந்தது, டிராகனைக் கொன்ற பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்கிறான். சுட்டிய கையோடு அதைக் கேலியும் செய்கிற குரல். அந்த இரண்டு ஜிம்மையும், பத்து வயதுக்காரனையும் எழுதுகிற வக்கீலையும், பிரித்துக் கேட்கப் பழக்க இந்த அத்தியாயம் போல வேறில்லை. இதற்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். அடுத்து வரும் ரஷ்யர்கள் பாவெல், பீட்டர் இருவரின் ஓநாய்க் கதைக்கு வகுப்பு இரண்டு பீரியட் கேட்கும், அரை பீரியடில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதினாலாம் அத்தியாயத்தில் ஆன்டனீயாவின் அப்பா தற்கொலை செய்துகொண்ட செய்தி வருகிறது. பெரியவர்கள் போய்விட, தனியாக இருக்கும் ஜிம் ‘ராபின்சன் குரூசோ’வை எடுக்கிறான், எங்கள் வாழ்க்கைக்கு முன் அந்தத் தீவு வாழ்க்கை சப்பென்று இருந்தது என்று மூடிவைக்கிறான். புத்தகம் தோற்கும் இடம். ஸ்டைலைச் சொல்லித்தரவும் இதுவே இடம். சாவு நம் கண்முன் நடக்கவில்லை, பிறர் சொல்லித்தான் தெரிகிறது. இரண்டு அத்தியாயம் கழித்து, பிற்காலத்தில் வடக்கிருந்து வரும் சாலை அந்தக் கல்லறை அருகே சற்றுக் கிழக்கே வளைகிறது, மேற்கிருந்து வருவது தெற்கே ஒதுங்குகிறது, நடுவே வெட்டப்படாத சிவந்த புல்லோடு அது ஒரு தீவு போல நிற்கிறது. குரூசோவின் தீவு சலித்துப்போன பையனுக்கு இந்தத் தீவு கிடைக்கிறது. ‘இரக்கம்’ என்ற சொல் இல்லாமலே சாலை இரங்குகிறது என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நாவலிலிருந்து தட்டுமுட்டுச் சாமானை அகற்றவேண்டும், பெயர் சொல்லாமல் பக்கத்தில் உணரவைப்பதே படைப்பு என்று 1922இல் கேதர் ஒரு கட்டுரையில் சொன்னதை இதற்குப் பிறகுதான் சொல்லவேண்டும். முதல் வருஷம் அந்தக் கட்டுரையில் ஆரம்பித்தேன். ஒருவரும் நிமிரவில்லை.

இனி நான் முதல் தடவை முழுக்கத் தவறவிட்ட இடம். பதினேழாம் அத்தியாயம். பதினைந்து வயது ஆன்டனீயா உழுதுவிட்டு வருகிறாள். பள்ளிக்கு வருகிறாயா என்றால், நேரமில்லை, நான் ஆம்பிளை போல வேலை செய்வேன், பள்ளிக்கூடம் சின்னப் பையன்களுக்கு என்கிறாள். சற்று நேரத்தில் அழுதுகொண்டே, நீ பள்ளியில் கற்கிற நல்ல விஷயங்களை எல்லாம் என்றாவது எனக்குச் சொல்வாய்தானே ஜிம்மி, என்று கேட்கிறாள். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் வையுங்கள். ஏனென்றால் இரண்டாம் பகுதி பதினாலாம் அத்தியாயத்தில், ஆற்றங்கரையில், தோழிகள் லீனாவும் டைனியும் அன்னாவும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஸ்பானியர் முதலில் இங்கே வந்த கதையைச் சொல்லு ஜிம், என்று அவள்தான் கேட்கிறாள். ஸ்பானியப் படைத்தலைவர் கொரொனாடோவும் அவர் தேடிய ஏழு பொன் நகரங்களும் ஜிம் புலமை காட்ட எடுத்துவிட்ட கதை இல்லை, அவள் கேட்டு வாங்கிக்கொள்ளும் பாக்கி.

இந்தக் காட்சிக்கு இரண்டு பீரியட். முதலில் வரலாற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கொரொனாடோ கன்சாஸ் வரை வந்தது 1541இல். திரும்பிப் போய் 1554இல் மெக்சிகோ நகரத்தில் இறந்தார். ஆனால் அவர் மனமுடைந்து வனாந்தரத்தில் இறந்தார் என்று பள்ளிப் புத்தகம் சொன்னதாக ஜிம் சொல்கிறான். “அப்ப கேதர் தப்பா எழுதிட்டாங்களா சார்?” என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். அடுத்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் மட்டுமா, இன்னும் எத்தனையோ பேர் அப்படிச் செத்திருக்கிறார்கள் என்கிறாள் ஆன்டனீயா. மற்ற பெண்களும் ஆமோதித்து முணுமுணுக்கிறார்கள். அவள் அப்பாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பாடப்புத்தகத்தின் பிழையான வரி அவள் கைக்குப் போனதும் உண்மையாகிவிடுகிறது.

உடனே கலப்பை வருகிறது. மேட்டு நிலத்தில் யாரோ விட்டுப்போன கலப்பை, மறையும் சூரியனின் கிடைவெளிச்சத்தில் பெரிதாகி, அந்த வட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கி நிற்கிறது. இதை விளக்காமல் தமிழில் பெயர்க்கச் சொன்னேன், நாலு பேர் ஒரு குழு, 30 நிமிடம். மூன்று பாகங்களைக் கேதர் பெயர் சொல்லி எழுதியிருப்பார். அகராதி பார்த்தவர்கள் ‘கைப்பிடிகள், நாக்கு, பங்கு’ என்று எழுதினார்கள். விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், “மேழி, ஏர்க்கால், கொழு” என்றான். பிறகு அவனே, “மேழி ஒண்ணுதானே சார் இருக்கும், இங்க எப்படி ரெண்டு?” என்று கேட்டான். நம் நாட்டுக் கலப்பைக்கு ஒரு மேழி, அங்கே இரண்டு கையாலும் பிடித்து நடக்கும் இரும்புக் கலப்பை. அடர்ந்து பின்னிய புல்வேரைக் கிழிக்கவேண்டும்; பசை மண் வார்ப்பிரும்பில் அப்பிக்கொள்ளும் என்பதால்தான் 1837இல் இலினாயில் ஜான் டீர் எஃகுக் கலப்பை செய்தார். நாவலின் நிலம் எவ்வளவு கடினம் என்பது அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிட்டது. நடையைப் பற்றி மிச்சத்தைச் சத்தமாக வாசித்தே காட்டலாம்: சூரியன் மேல் எழுதிய சித்திர எழுத்து என்று உச்சிக்குப் போகும் பத்தி, ‘இறங்கி இறங்கி’ என்று ஒரே வினையை இரட்டித்துச் சரிந்து, அந்தக் கலப்பை தன் பழைய சிறுமைக்கே திரும்பியது என்று முடிகிறது. பெயரடைகளுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தேறும்.

இப்போதுதான் வர்ஜில். ‘ஒப்டிமா டியெஸ், ப்ரிமா ஃபூகிட்’, சிறந்த நாட்களே முதலில் ஓடிவிடுகின்றன, என்று நாவலின் முகப்பில் இருப்பதை மூன்றாம் பகுதி இரண்டாம் அத்தியாயத்தில் மாணவன் ஜிம் படித்துக்கொண்டிருக்கிறான். மூலத்தில் நடுவே ‘பாவப்பட்ட மனிதர்களுக்கு’ என்று பொருள்படும் சொற்கள் உண்டு. முகப்பில் அவை வெட்டப்பட்டுப் புள்ளிகளாக நிற்கின்றன. மூலத்தில் அந்த வரி வருவதோ மாட்டு இனப்பெருக்கத்தைப் பற்றிய பகுதியில். பசு இளமையாக இருக்கும்போதே கன்று ஈன விடு என்கிற அறிவுரைக்கு நடுவே! வகுப்பு சிரித்தது, பிறகு ஐந்தாம் பகுதியில் ஆன்டனீயாவின் பிள்ளைகள் பழம் சேர்த்துவைத்த நிலவறையிலிருந்து வெளிச்சத்துக்குப் பொங்கி ஓடிவரும் இடத்தை யாரோ நினைவுபடுத்த, சிரிப்பு நின்றது. வர்ஜிலின் இன்னொரு வரியும் ஜிம் படிக்கும் அதே மூன்றாம் பகுதி அத்தியாயத்தில்: கலைமகளை என் ‘பாட்ரியா’வுக்கு முதலில் கொண்டுவருபவன் நான். பாட்ரியா இங்கே நாடு இல்லை, மின்சியோ ஆற்றங்கரைச் சிற்றூர் என்று ஆசிரியர் கிளெரிக் விளக்குகிறார். சாகும் தறுவாயில் வர்ஜில் நினைத்தது, கொழு படைச்சாலில் பொருந்துவது போல எழுதுகோல் பொருளில் பொருந்திய ‘ஜார்ஜிக்ஸை’த்தான் என்றும் அவர் சொல்கிறார். ஒரு பகுதிக்கு முன் சூரியனில் எழுத்தாக நின்ற கலப்பை இங்கே எழுதுகோலாகிறது. நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்போது ஒரு மாணவி, “சார், ‘சொல்லேர் உழவர்’னு குறள்ல வருதே, கேதர் படிச்சிருப்பாங்களோ?” என்றாள். நல்ல ஆபத்தான கேள்வி. லத்தீனிலும் ‘வெர்சுஸ்’ என்றால் உழவில் திரும்பும் சால், செய்யுளின் அடி இரண்டும்தான். உழுகிற சமூகங்கள் எழுத்தை உழவாகப் பார்ப்பது இயல்பு. உவமை ஒன்றாக இருப்பதால் அல்யூஷன் ஆகிவிடாது. அன்றிலிருந்து நோட்டில் மூன்று குறி: பெயரோ வரியோ நாவலிலேயே இருந்தால் வட்டம், பெயரில்லாமல் எதிரொலித்தால் அலைக்கோடு, வாசகருக்குத் தோன்றியது மட்டும் என்றால் கேள்விக்குறி. ஒயின் கறை நிறப் புல்வெளியை ஹோமரோடு இணைத்து இணையத்திலிருந்து கொண்டுவருவார்கள், அது அலைக்கோடு. வள்ளுவர் கேள்விக்குறி. கேள்விக்குறியைத் தேர்வில் எழுதலாம், ‘எனக்கு இது நினைவுக்கு வருகிறது’ என்று சொல்லி எழுதவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் பகுதி ஏழாம் அத்தியாயத்தில் வரும் கறுப்பினப் பியானோக் கலைஞரை வருணிக்கும் மொழி கூசவைக்கும். தாண்டிப் போனால் மாணவர்கள் தாங்களாகப் படித்துவிட்டுக் குழம்புவார்கள். அந்தக் குரல் யாருடையது, ஜிம்மைக் கேதர் இங்கே கேலி செய்கிறாரா இல்லையா என்று பாம்பு அத்தியாயத்தோடு வைத்துக் கேட்டோம். இங்கே கேலி தென்படவில்லை என்றுதான் வகுப்பு சொன்னது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இந்த முறையில் 18 பீரியட் இப்படிப் பிரிந்தது: பெயர், வரைபடம், முன்னுரைக்கு 2, முதல் பகுதிக்கு 6, இரண்டாவதற்கு 4, அதில் கலப்பைக்கு மட்டும் 2, மூன்றாவதற்கு 3, அதில் ‘கமீல்’ நாடகம் பார்த்து ஜிம் அழுவதற்கு அரை, மீதி 3 கடைசி இரண்டு பகுதிகளுக்கு. தேர்வுக் கேள்வியையும் மாற்றினேன். ‘அல்யூஷன்களை விவரி’ என்று கேட்டால் பட்டியல்தான் வரும். ‘படிக்காத ஒருத்தியைப் பற்றிய கதையில் இத்தனை புத்தகங்கள் ஏன்?’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன்.

ஒரு தாளில் வர்ஜில் பெயரே இல்லை. என்றாவது சொல்வாய்தானே என்று அவள் கேட்டாள், அவனும் சொன்னான், ஆனால் முன்னுரையில் பார்த்தால் எழுதி முடித்த கைப்பிரதியை அவன் நியூயார்க்கில் ஒரு நண்பர் வீட்டுக்குத்தான் எடுத்துப் போகிறான், ஆன்டனீயாவிடம் கொடுத்ததாக எங்கும் இல்லை, தலைப்பில் ‘மை’ என்று மட்டும் சேர்த்துக்கொண்டான் என்று எழுதியிருந்தது. மேழியைச் சொன்ன பையனின் தாள். முதலில் எட்டு போட்டேன். வர்ஜிலைக் காணோமே என்பதைத் தவிர இரண்டு குறைக்க என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்து, அடித்துவிட்டுப் பத்து போட்டேன்.